விதைத்த நிறம்

"பதினேழு," என்றான் ரூபன்.

அக்சிலியா குப்புறப் படுத்திருந்தாள். காலை வெயில் முதுகில் விழும்படி கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருந்தார்கள். ரூபனின் விரல் தோள்பட்டையிலிருந்து இடுப்புவரை தொட்டுத் தொட்டு இறங்கியது. அவள் மறுபடி எண்ணச் சொன்னாள். மறுபடியும் பதினேழுதான். வெளுத்துக் கிடந்த முதுகில் கடுகளவு பழுப்புப் புள்ளிகள்.

இது முதல் தடவையல்ல. நான்கு வருடமாக இதுதான் நடந்துகொண்டிருந்தது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை தோல் சிகிச்சை மையத்துக்குப் போய்வந்தால், பத்து நாளில் புள்ளிகள் தெரியும். இருவரும் எண்ணுவார்கள். ஒருமுறை நாற்பத்தொன்று வந்தது. அன்று ரூபன் துறைமுகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவளை மணப்பாட்டுக்கு அழைத்துப்போனான். கோயிலுக்கு வெளியே மணலில் உட்கார்ந்து, பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று சாயங்காலம்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது வாரம் புள்ளிகள் மங்கத் தொடங்கின. ஆறாவது வாரம் ஒன்றுமே இல்லை.

அவளுக்கு இருபத்தேழு வயதில் உதட்டோரத்தில் முதல் வெண்புள்ளி வந்தது. அப்போது தூத்துக்குடி பஜாரில் ஒரு பேக்கரியில் மக்ரூன் விற்கும் மேசையில் நின்றாள். புள்ளி விரல்களுக்கும் வந்ததும், வாங்க வந்தவர்கள் வேறு யாரையாவது எடுத்துத் தரச் சொன்னார்கள். முதலாளி நல்ல மனிதர், அவளை வேலையைவிட்டு அனுப்பவில்லை. உள்ளே கொண்டுபோய் முட்டையில் வெள்ளைக்கரு பிரிக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள வைத்தார். யார் கண்ணிலும் படாத வேலை.

பேருந்தில் முகம் காட்டி ஏறும் காலம் அது. கதவருகே இருக்கும் கருவி ஆளைப் பார்த்ததும் கட்டணத்தை எடுத்துக்கொள்ளும். வெண்மை கன்னத்துக்கும் கண்ணைச் சுற்றியும் பரவியபோது கருவிக்கு அவளை அடையாளம் தெரியாமல் போயிற்று. மாதம் ஒருமுறை போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய் முகத்தைப் புதிதாகப் பதிந்துவிட்டு வருவாள். அடுத்த மாதம் அந்த முகம் இருக்காது. பேருந்தின் கதவு திறக்காமல் நிற்க, பின்னால் இருப்பவர்கள் அவளை எட்டிப் பார்ப்பார்கள். பிறகு அவள் நடந்தே வேலைக்குப் போகத் தொடங்கினாள். ரூபன் அவளைக் கட்டிக்கொண்டது அந்த நாட்களில்தான். அவனுக்கு எந்தத் தயக்கமும் இல்லை. தயக்கமெல்லாம் அவளுக்குத்தான் இருந்தது.

கல்யாணமாகி ஆறு மாதம் இருக்கும், இசைவாணி கடைக்கு வந்தாள். மேசையில் நின்ற பையன் மக்ரூனை அள்ளப் போனபோது அவள் தடுத்தாள்.

"உள்ள ஒரு பிள்ள நிக்கில்லா, அது எடுத்துத் தரட்டும்."

அக்சிலியா வெளியே வந்து பார்த்தாள். தன்னைவிட நாலைந்து வயது மூத்த பெண். இரண்டு முன்கைகளிலும் தாடையிலும் பளிச்சென்று வெள்ளைத் திட்டுகள். அவள் அவற்றை மறைக்க முயலவில்லை, அரைக்கைச் சட்டை போட்டிருந்தாள். அக்சிலியாவின் கையிலிருந்து மக்ரூனை வாங்கி, அங்கேயே நின்று தின்றாள். தின்றுவிட்டு இன்னொன்று கேட்டாள். அக்சிலியா அன்று வீட்டுக்குப் போய் ரூபனிடம் அதைச் சொல்லும்போது அழுதாள்.

அடுத்த வாரமே இசைவாணி அவளைத் தளிர்மேனி ஆய்வு மையத்துக்கு அழைத்துப்போனாள். மருத்துவம் இலவசம், ஆய்வு என்பதால். இசைவாணி அங்கே பழைய நோயாளி, புதிதாக வருகிறவர்களுக்குத் துணையாகவும் இருந்தாள். என்ன செய்வார்கள் என்பதை மையத்தை நடத்திய டாக்டர் சந்திரகாசனைவிட அவள்தான் புரியும்படி சொன்னாள்.

"நம்ம தோலுக்குள்ள நிறம் தர்ற செல்லு இருக்கு. நம்ம உடம்புல இருக்க காவல்காரனே அத எதிரின்னு நெனச்சுக் கொன்னுருதான். கொன்னுட்டுப் போறானா, அதுவும் இல்ல. அங்கேயே உக்காந்துக்கிடுதான். புதுசா ஒன்னு முளைச்சா அதையும் கொல்லுதான். மொதல்ல அவன வெளியேத்தணும். அப்புறம் முடி வேர்ல இருந்து நிறத்த எடுத்து நடணும். அவ்வளவுதான் அக்சி, ஒன்னும் பயப்படாத."

ஐந்து மாதத்தில் முகமும் கைகளும் நிறத்துக்கு வந்தன. முதன்முதலாகப் பதிந்த பழைய படத்தை வைத்தே பேருந்துக் கருவி அவளை அடையாளம் கண்டுகொண்டது. முதலாளி அவளைத் திரும்ப மேசைக்குக் கொண்டுவந்தார். முதுகு மட்டும் பாக்கி. முதுகுத்தோல் தடிப்பானது, நாளாகும் என்று டாக்டர் சொன்னார். ஆறு வாரத்துக்கு ஒருமுறை முதுகில் சின்னச் சின்னக் குப்பிகளைக் கவிழ்த்து வைத்து, தோலை உறிஞ்சிக் கொப்புளமாக்கி, அதில் ஊறும் நீரை எடுப்பார்கள். கெட்ட செல்களைக் கழுவி எடுக்கிறோம் என்பார்கள். பிறகு மரத்துப்போக ஊசி போட்டு ஏதோ பூசுவார்கள். குப்புறப் படுத்திருப்பவளுக்கு முதுகில் என்ன நடக்கிறது என்று தெரியாது. இசைவாணி தலைமாட்டில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

மருத்துவம் நடக்கும்வரை பிள்ளை பெறக் கூடாது என்பது ஒரு நிபந்தனை. முகம் சரியானதும் போதும் என்று நிறுத்திக்கொள்ளலாமா என அக்சிலியா ஒருமுறை கேட்டாள். பாதியில் விட்டால் முகத்துக்கே திரும்பி வந்துவிடும் என்றாள் இசைவாணி. அரசு மருத்துவமனையிலும் ஏதோ மருந்து தருகிறார்களாமே என்று கேட்டதற்கு, அதைச் சாப்பிட்டுச் சிறுநீரகம் போனவர்களைத் தனக்குத் தெரியும் என்றாள். புள்ளிகள் வந்து மறைந்தபோதெல்லாம், தனக்கும் அப்படித்தான் மூன்று தடவை வந்து போனது என்று ஆறுதல் சொன்னாள். அக்சிலியா நம்பினாள். நம்பாமலிருக்க அவளிடம் ஒரு காரணமும் இல்லை.

பதினேழு எண்ணிய அந்த வாரக் கடைசியில் அவள் பாளையங்கோட்டையில் தங்கையின் புதுமனைப் புகுவிழாவுக்குப் போனாள். ரூபனும் உடன் வந்தான். அங்கே அவளுக்குக் காய்ச்சல் கண்டது. இடது தோள்பட்டை வீங்கிச் சிவந்து, ரவிக்கை படவே வலித்தது. மையத்துக்கு மூன்று நாள் விடுமுறை, தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. ரூபன் அவளைத் திருநெல்வேலி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனான். தோல் பிரிவில் டாக்டர் ரிஸ்வானா இருந்தார். காயல்பட்டினத்துக்காரர், ரூபன் வயதுதான் இருக்கும்.

வீக்கத்தைப் பார்த்தவர், முதுகு முழுவதையும் பார்க்க வேண்டும் என்றார். பார்த்துவிட்டு அறையின் விளக்கை அணைத்து, கையடக்கமான ஊதா விளக்கு ஒன்றை முதுகின் மேல் பிடித்தார்.

"இது யாரும்மா நட்டது?"

"நட்டது இல்ல டாக்டர். முதுகுக்கு இன்னும் நடவே இல்ல, அதுவா முளைக்கிது."

"அதுவா முளைச்சா இப்படி வரிசையா முளைக்காது. கோடு போட்டு நட்டிருக்காங்க. ஒரு நடவுக்கு நூறு எண்ணம் இருக்கும், பொழைச்சதுதான் உங்க கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு. பழைய தழும்பு மேலயே திரும்பத் திரும்ப நட்டிருக்காங்க. முப்பது தடவைக்கு மேல இருக்கும்."

முகத்துக்கும் கைக்கும் என்ன மருந்து கொடுத்தார்கள் என்று கேட்டார். அக்சிலியா சொன்னாள். காவல் செல்களை வெளியேற்றும் அந்த மருந்தை முதுகில் பூசினார்களா என்று கேட்டார். பூசவில்லை என்பது அக்சிலியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. மருந்து முகத்துக்கும் கைக்கும் மட்டும்தான் வந்தது.

"அத முதுகுக்கும் போட்டிருந்தா மூணு மாசத்துல முடிஞ்சிருக்கும்," என்றார் டாக்டர். "இங்க ஓ.பி.யிலயே சும்மா குடுக்கோம். மூணு வருஷமாக் குடுக்கோம்."

"அப்போ எதுக்கு நட்டாங்க?"

டாக்டர் விளக்கைப் போட்டுவிட்டு, நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"மெலனோமான்னு ஒரு புத்துநோய் இருக்கும்மா. நிறம் தர்ற அதே செல்லுல வர்றது. அதத் தேடிப் பிடிச்சுக் கொல்றதுக்கு உங்க உடம்புல இருக்க காவல்காரனவிட நல்ல ஆள் கிடையாது. அதனால அவன வளக்காங்க. நிறத்த நட்டா அதத் திங்க அவன் பெருகி வருவான். பெருகினதும் கொப்புளத்து நீரோட சேத்து எடுத்துருவாங்க. அப்புறம் திரும்ப நடுவாங்க."

ரூபன் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தான். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்போ நான் எண்ணுனது?"

"தீனி," என்றார் டாக்டர். சொன்ன பிறகு, வேறு சொல் கிடைத்திருக்கக் கூடாதா என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காய்ச்சல் இறங்கியதும் அக்சிலியா ஊருக்கு வந்து நேரே மையத்துக்குப் போனாள். டாக்டர் சந்திரகாசன் எதையும் மறுக்கவில்லை. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அவள் கையெழுத்திட்ட படிவத்தின் ஒன்பதாம் பக்கத்தை எடுத்துக் காட்டினார். எடுக்கப்படும் செல்களைப் பிற ஆய்வுகளுக்குப் பயன்படுத்தலாம் என்று அதில் இருந்தது, அவள் கையெழுத்தும் இருந்தது. பிறகு திரையில் பதினொரு முகங்களைக் காட்டினார். அவளுடைய செல்களால் உயிரோடிருப்பவர்கள். பாதிப்பேர் வெளிநாட்டுக்காரர்கள். ஒருவர் மதுரையில் பள்ளிக்கூட வாத்தியார், பாதத்தில் கரும்புற்று வந்து, சாகப்போகிறார் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். போன மாதம் மகள் கல்யாணத்தை நடத்திவைத்தாராம். அக்சிலியா அந்தப் பதினொரு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன் டாக்டர்," என்றாள். "ஏன் கேக்கல?"

ஆரம்பத்தில் கேட்டோம் என்றார் அவர். கேட்கப்பட்ட எல்லோரும், முதலில் எங்களைக் குணமாக்குங்கள், பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறோம் என்றார்களாம். குணமானவர்களிடம் எடுப்பதற்கு ஒன்றும் இருக்காதே என்று அவர் சொன்னபோது, அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மையத்திலிருந்து இறங்கியவள் வீட்டுக்குப் போகாமல் இசைவாணியின் வீட்டுக்கு ஓடினாள். இசைவாணியின் முதுகிலும் நட்டிருப்பார்கள், பாவம் அவளுக்கும் தெரியாது, அவளையாவது இன்றே காப்பாற்ற வேண்டும் என்பதுதான் வழியெல்லாம் அவள் நினைப்பாக இருந்தது. இசைவாணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அக்சிலியா மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, முதுகைக் காட்டச் சொன்னாள்.

இசைவாணி இன்னொரு துணியை எடுத்து மடித்தாள்.

"காட்டுக்கா. நான் பாத்தா எனக்கு வரிசை தெரியும்."

இசைவாணி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி நின்று சட்டையைத் தூக்கினாள். முதுகு மாநிறமாக, சீராக, ஒரு தழும்பும் இல்லாமல் இருந்தது. கொப்புளம் எழுப்பிய தடம் ஒன்றுகூட இல்லை.

அக்சிலியாவுக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. புரிந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இசைவாணி சட்டையை இறக்கிவிட்டு, அவளுக்கு எதிரே கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து சொன்னாள். அவள் மையத்தில் வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்தவள். நோயாளிகள் யார் வந்தாலும் இரண்டு தடவைக்கு மேல் தங்கவில்லை. தங்களைப் போல இருக்கிறவர் சொன்னால்தான் ஜனங்கள் கேட்பார்கள் என்று டாக்டர் சொன்னார். அப்போதுதான் புருஷனை விட்டுப் பிரிந்து வந்திருந்தாள்.

"இனி நம்ம தோல யார் பாக்கப் போறான்னு நெனச்சேன். ஒரு களிம்பு குடுத்தாங்க. ரெண்டு கையிலயும் தாடையிலயும் பூசுனேன். நிறம் போயிட்டு. இன்னும் மாசாமாசம் பூசுதேன். வேல முடிஞ்சதும் பழையபடி ஆக்கித் தர்றோம்னாங்க."

"கடைக்கு வந்தியே. என் கையால வாங்கித் தின்னியே."

"அதுவும் சொல்லிக் குடுத்ததுதான்."

தெருவில் மீன்காரர் வண்டி கூவிக்கொண்டு போயிற்று.

"மொதல்ல வேலைக்குத்தான் உன்ட்ட பழகுனேன்," என்றாள் இசைவாணி. "அப்புறம் வேலையாத் தெரியல அக்சி. நீ நம்பமாட்ட."

அக்சிலியா நம்பினாளா என்பது அவளுக்கே தெரியவில்லை. பிள்ளை வேண்டாம் என்று சொன்னதும் சொல்லிக் கொடுத்ததுதானா என்று கேட்க நினைத்து, பதிலுக்குப் பயந்து கேட்காமல் விட்டாள். அதற்குப் பதிலாக வேறொன்றைக் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை மையத்தின் மாடியில் நோயாளிகள் கூட்டம் நடக்கும், முப்பத்தாறு பேர் வருவார்கள். அத்தனை பேர் முதுகிலும் நடவு நடந்துகொண்டிருந்தது. அவர்களிடம் இசைவாணி உண்மையைச் சொல்ல வேண்டும். இசைவாணி அழுதாள். சொல்கிறேன் என்று அக்சிலியாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தாள். கொப்புளம் எழுப்பும்போதெல்லாம் பிடித்துக்கொண்ட அதே பிடி.

ஞாயிற்றுக்கிழமை அக்சிலியாதான் முதலில் பேசினாள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாததால் முன்னுக்குப் பின்னாகச் சொன்னாள். நடவையும் கொப்புளத்தையும் சொன்னாள், டாக்டர் ரிஸ்வானாவைச் சொன்னாள், அரசு மருத்துவமனையில் மூன்று மாதத்தில் முடிந்துவிடும் என்றாள். யாரும் அதிர்ந்ததாகத் தெரியவில்லை. உப்பளத்தில் கணக்கு எழுதும் ஒருவர், முன்வரிசையில் இருந்தவர், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு மூஞ்சி சரியாயிட்டும்மா," என்றார். "எனக்கு இன்னும் பாதிதான் ஆயிருக்கு. இப்ப இத நிறுத்துன்னு நீ சொன்னா எப்படி?"

அதன்பிறகு பலரும் பேசினார்கள். முதுகில் புள்ளி வருவதை அவரவர் வீட்டிலும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். போன தடவை ஐம்பது வந்தது என்று ஒரு பெண் சொன்னாள். அது பொய் நிறம் என்று யாரோ வந்து சொன்னால் ஏற்க அவளுக்கு மனமில்லை. அக்சிலியா இசைவாணியைக் காட்டி, அக்காவுக்கு எல்லாம் தெரியும், அவளைக் கேளுங்கள் என்றாள். எல்லோரும் திரும்பினார்கள். பின்சுவரோரம் டாக்டர் சந்திரகாசன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

இசைவாணி முன்னால் வந்தாள். அக்சிலியாவைப் பார்க்கவில்லை.

"எனக்கு நோயே இல்லையாம். களிம்பு பூசி வெள்ளையாக்கிக்கிட்டேனாம். அப்படித்தான் இவ எல்லார்ட்டயும் சொல்லப் போறா," என்றாள். பிறகு திரும்பி நின்று, கூந்தலை அள்ளி ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டாள். "இதையும் பூசிக்கிட்டேனா?"

பிடரியிலிருந்து இரண்டு காதுகளின் பின்பக்கம்வரை வெளுத்திருந்தது. அந்த வெண்மையில் முளைத்திருந்த முடியும் வெள்ளை. களிம்பு அங்கே போனதேயில்லை. கைகளிலும் தாடையிலும் மட்டும் பூசியதாக நாலு நாள் முன்பு அவளே சொன்னாள். தொடக்கத்தில் பொய்யாக இருந்தது உடம்புக்குள் இறங்கி நிஜ நோயாகிவிட்டது. இனி அது எங்கே பரவும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அது பொய் என்று சொல்ல அக்சிலியா வாயைத் திறந்தாள். சொல்ல முடியவில்லை. ஏழு வருடம் அந்த நோயோடு இருந்தவளுக்கு அது நிஜமென்று பார்த்த உடனே தெரிந்தது. இசைவாணி கூந்தலை விட்டுவிட்டுத் திரும்பினாள். சந்திரகாசன் அவளுக்கு என்ன வாக்குக் கொடுத்திருப்பார் என்பதை ஊகிப்பது கடினமில்லை. அவளுக்கு இப்போது நிஜமாகவே அவர் தேவைப்பட்டார்.

அக்சிலியா மாடிப்படி இறங்கியபோது அவளோடு ஒருவரும் எழுந்து வரவில்லை.

அவளும் ரூபனும் சுகாதாரத் துறைக்கு எழுதிப் போட்டார்கள். டாக்டர் ரிஸ்வானா முதுகின் படங்களோடு அறிக்கை கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து விசாரணைக்கு வந்தார்கள். வந்தவர்கள் போன மறுவாரம் மையத்தில் பெயர்ப்பலகை இல்லை. சந்திரகாசன் எந்த ஊருக்குப் போனார் என்று தெரியவில்லை. அங்கே வேலை பார்த்த ஒவ்வொருவரையும் போலீஸ் தேடிக்கொண்டிருந்தது. நோயாளிகளில் சிலர் திருநெல்வேலிக்குப் போனார்கள். சிலர் போகவில்லை. உப்பளத்துக்காரர் ஒருநாள் கடை மேசைக்கு வந்து, இப்போது திருப்திதானா என்று அவளிடம் கேட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் போனார்.

மதுரை வாத்தியாரையும் அவள் அடிக்கடி நினைத்தாள். அவருக்கு இன்னும் எத்தனை தவணை மருந்து தேவையோ, அது எங்கிருந்து வருமோ. டாக்டர் ரிஸ்வானாவிடம் கேட்டாள். குணமாவதற்கு முன்பு ஒரேயொரு தடவை, நடவு இல்லாமல், முறைப்படி எழுதிக்கொடுத்து எடுக்கலாம் என்றார் அவர். அக்சிலியா கொடுத்தாள். அது யாருக்குப் போனதென்று கேட்டுக்கொள்ளவில்லை. அதன்பிறகு மூன்று மாதம் மருந்து பூசினாள். டாக்டரே ஒருமுறை, ஒழுங்காக, நிறத்தை நட்டார். முதுகு நிறத்துக்கு வந்தது. தழும்புகள் இருந்த இடங்களில் திட்டுத்திட்டாக, கொஞ்சம் கூடவும் குறையவுமாக வந்தது. ரூபன் இப்போது எண்ணுவதில்லை. அவள் கேட்டாலும் எண்ணமாட்டேன் என்றான்.

கடைசித் தடவை காட்டுவதற்கு அவள் தனியாகத் திருநெல்வேலிக்குப் போனாள். ஓ.பி.யில் கூட்டம். அறைக்கு வெளியே பெஞ்சின் கோடியில் முகக்கவசமும் தலையில் துப்பட்டாவுமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கண்களைச் சுற்றி வெளுத்திருந்தது. இமை முடிகளும் வெள்ளை. அக்சிலியா அவளைக் கடந்து உள்ளே போன பிறகுதான் அது இசைவாணி என்று உறைத்தது. அறைக்குக் கதவு கிடையாது, பச்சைத் திரைதான்.

டாக்டர் அவள் முதுகைப் பார்த்தார், திருப்தியாகத் தலையசைத்தார். இனி மருந்து வேண்டாம் என்றார். பிள்ளை விஷயத்தை அவரே எடுத்து, இந்த மாதத்திலிருந்தே தடையில்லை என்றார். முப்பத்தைந்து ஒன்றும் பெரிய வயதில்லை என்றார். அக்சிலியா ரவிக்கை கொக்கிகளைப் போட்டுக்கொண்டிருந்தபோது, அவர் எதையோ நினைத்துக்கொண்டவராகக் கேட்டார்.

"வெளிய துப்பட்டா போட்ட ஒரு அம்மா இருக்காங்கல்ல, அவங்களும் உங்க ஊர்தானாம். உங்களுக்குத் தெரியுமா? ரெண்டு தடவ மருந்து குடுத்தும் கேக்கல. ஒரு இடத்துல அடங்குனா இன்னொரு இடத்துல வருது. ஏதோ ரசாயனம் பட்டு ஆரம்பிச்ச மாதிரி இருக்கு. என்ன பட்டுச்சுன்னு தெரிஞ்சா அதுக்குத் தகுந்த மருந்து குடுத்துரலாம், ஒரு மாசத்துல நிறுத்திரலாம். கேட்டா ஒன்னுமே பூசலங்காங்க. இப்படியே போனா உடம்பு பூரா போயிரும்."

களிம்பு என்ற ஒரு சொல் போதும். அதைச் சொன்னால் எந்த மையம், என்ன வேலை என்று எல்லாம் வரும், போலீஸ் வரும். இசைவாணி ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது அவளுக்கு விளங்கியது. ஆனால் அவள் தயங்கியது அதற்காக இல்லை. அது அவளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. கொப்புளம் எழும்போது பிடித்துக்கொண்ட கையும், மாடியில் அள்ளிப் பிடித்த கூந்தலும், மணப்பாட்டில் யோசித்து வைத்த பெயர்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

"தெரியாது டாக்டர்," என்றாள்.

டாக்டர் அடுத்த சீட்டை எடுத்தார். அக்சிலியா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். இசைவாணி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். உள்ளே பேசியது அத்தனையும் அவளுக்குக் கேட்டிருந்தது. முகக்கவசத்தைக் கீழே இறக்கினாள். உதடுகளும் வெளுத்துவிட்டிருந்தன. அவள் கண்கள் நிறைந்து வழிய, இரண்டு கைகளையும் மார்போடு சேர்த்துக் குவித்தாள். காட்டிக்கொடுக்காமல் விட்டதற்கு நன்றி சொல்கிறாள் என்று அக்சிலியாவுக்குப் புரிந்தது.

அக்சிலியா தலையை அசைத்தாள். ஒரு நல்ல காரியம் செய்தவளைப் போல.

பிறகு படியிறங்கி வெளியே வந்தாள். ஓ.பி. பன்னிரண்டு மணிவரை உண்டு. மணி பதினொன்று இருபதுதான் ஆகியிருந்தது. அவள் பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ பிடித்தாள்.